வேக்கம் டேபிள் மேல் ஓடும் குதிரை

மண்ணரை, திருப்பூர்
கார்த்திகை மாதக் கடைசி

மதிப்பிற்குரிய சம்பந்தி தனபால் அவர்களுக்கு, மண்ணரையிலிருந்து மகுடேஸ்வரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி விஜயராணி, மகள் மைதிலி, உங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமான பிரபாகர் ஆகிய நால்வரும் நலமாக இருக்கிறோம். வெள்ளகோவிலில் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்க அந்தக் கொடுமுடியான் துணை இருக்கட்டும். நால்வர் என்று நான் எழுதியதைப் படித்ததுமே உங்களுக்குச் சுருக்கென்றிருக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. காலை வணக்கம் படம் மட்டும் ஊருக்கெல்லாம் போவதுபோல எனக்கும் வருகிறது. அதிலும் முன்பெல்லாம் ரோஜாப்பூ இருக்கும், இப்போது வெறும் சூரியன். ஆகவே கூரியரில் அனுப்புகிறேன். காங்கேயத்தில் நடந்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "தலைத் தீவாளிக்குனு கூட்டிட்டுப் போயி எம்பையனை ஊட்டோட மாப்பிள்ளையாக்கிப் போட்டாருங்க மண்ணரைக்காரரு" என்று நீங்கள் சொன்னதாக எனக்குத் தகவல் வந்தது. தகவல் சொன்னவர் நம் இருவருக்கும் சொந்தம், பெயர் வேண்டாம். நம் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பெற்றவனைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொற்கள் சில உண்டு. அவற்றில் இது முன்வரிசை. தீபாவளி போய், கார்த்திகை தீபமும் ஏற்றி அணைத்தாகிவிட்டது, பிள்ளைகள் இன்னும் ஊர் திரும்பவில்லை என்பது உண்மைதான். ஆனால் மாப்பிள்ளையை நான் பிடித்து வைக்கவில்லை சம்பந்தி. பிடித்து வைத்திருப்பது ஒரு லேப்டாப். அது எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன். வெற்றிலை போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

தலைத் தீபாவளிக்கு என்ன சீர் வைக்கலாம் என்று மாப்பிள்ளையையே கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க மாமா" என்றார். அதை நம்பி மோதிரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன். மைதிலிதான் தனியாக வந்து, "அவரு வேண்டாங்கன்னா வேண்டாம்னு அர்த்தமில்லீங்கப்பா. அவருக்குக் கேம்னா உசுரு. பெரிய கம்ப்யூட்டரு போனதுக்கப்பறம் ஆபீஸ் லேப்டாப்பையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கறாருங்க" என்றாள். அந்தப் பெரிய கம்ப்யூட்டர் எப்படிப் போனது என்று நான் கேட்டேன், அவளும் சொன்னாள். கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது நீங்கள் அதை வாசலில் எடுத்து வைத்ததும், அன்றைக்குப் பார்த்து நம் ஊரில் எப்போதும் பெய்யாத மழை பெய்ததும் எனக்குத் தெரியும். ஆனால் இதை நான் எந்தக் கல்யாணப் பந்தியிலும் சொன்னதில்லை என்பதை இங்கே குறித்துவைக்க விரும்புகிறேன்.

சரி, லேப்டாப்பே வாங்கிவிடலாம் என்று தௌபிக்கின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். தௌபிக் நல்ல பையன். எங்கள் பனியன் யூனிட்டில் கேமராவெல்லாம் அவர் மாட்டிக் கொடுத்ததுதான். இரண்டு மெஷினை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஐயா, இதுல கிராபிக்ஸ் உள்ளயே இருக்குதுங்க. தனியா கார்டு கெடையாது. ஆபீஸ் வேலை பாக்கலாம், படம் பாக்கலாம், சின்னக் கேம் ஓடும். பெரிய கேம் ஆடறதா இருந்தா அந்த இன்னொண்ணுல தனி கார்டு போட்டிருக்குதுங்க, அதை எடுத்துக்கோங்க" என்றார். ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான்தான், "தனி கார்டுன்னா, படம் வரையற வேலைய வெளிய குடுத்து வாங்கறதுங்களா தம்பி?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அப்படியும் சொல்லலாமுங்க" என்றார். அந்த இடத்தில் நான் முடிவெடுத்துவிட்டேன்.

ஏன் என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு எண்ணெய்ச் செக்கு; கடலை ஒரு பக்கம் போனால் எண்ணெய் மறுபக்கம் வந்துவிடும். எங்கள் தொழில் அப்படியில்லை. ஒரு பனியன் துணியாக ஓரிடத்தில் ஓடி, சாயத்துக்கு ஓரிடம் போய், ப்ரிண்டிங்குக்கு ஓரிடம், தையலுக்கு ஓரிடம் என்று ஊரைச் சுற்றிவிட்டு, கடைசியில் செக்கிங், அயர்னிங், பேக்கிங் செய்ய என்னிடம் வரும்போது கப்பலுக்கு நேரமாகியிருக்கும். சாயக்காரர் பவர் இல்லை என்றிருப்பார், ப்ரிண்டிங்காரர் ஆள் இல்லை என்றிருப்பார், எல்லோருடைய தாமதத்துக்கும் நான் ஒருவன் பதில் சொல்ல வேண்டும். நூல் உள்ளே போனால் பெட்டி வெளியே வருகிற மாதிரி எல்லாமே ஒரே காம்பவுண்டுக்குள் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளின் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவன் நான். அப்படிப்பட்டவனிடம் வந்து, இதில் எல்லாம் உள்ளேயே இருக்கிறது, அதில் ஒரு வேலை மட்டும் வெளியே போய் வருகிறது என்றால் நான் எதை எடுப்பேன்? "வெளிய குடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க தம்பி, உள்ளயே இருக்கறதைப் பேக் பண்ணுங்க" என்றேன். விலை குறைவு என்பதற்காக எடுத்தேன் என்று விஜயராணி சொல்வாள், நம்ப வேண்டாம். அது தற்செயல்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி, வடை, அதிரசம், மோதிரம் இவற்றோடு லேப்டாப்பையும் தாம்பாளத்தில் வைத்து சாமிமுன் வைத்தோம். எங்கள் யூனிட்டில் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பழகிய கை விஜயராணியுடையது. லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்து, அடியில் சல்லடை மாதிரி ஒரு இடம் இருக்கவும், பொட்டு வைக்க அதுதான் இடம் போலிருக்கிறது என்று தாராளமாக வைத்துவிட்டாள். அதன்பிறகு என் தம்பி குடும்பம், பக்கத்து வீட்டார் எல்லோரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை கேமைப் போட்டார். பெரிய காடு. வெள்ளைக் குதிரைமேல் ஒரு வீரன். முதல் படம் வந்ததும் எல்லோரும் "அடேங்கப்பா" என்றோம். இரண்டாவது படம் வருவதற்குள் என் தம்பி மனைவி எழுந்துபோய்ப் பலகாரத் தட்டை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். குதிரை ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. என் தம்பிதான், "வீரனுங்கள்ல, யோசிச்சுத்தான் கால எடுத்து வெப்பானுங்க" என்று சமாளித்தான். நான் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். "பரவால்லீங்க மாமா, ஓடுதுங்க" என்றார். மைதிலி என்னைப் பார்த்தாள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது சம்பந்தி. நம் ஆட்கள் காலில் தேள் கொட்டினாலும் "பரவால்லீங்க" என்றுதான் சொல்வோம். உங்கள் மகன் அதில் இன்னும் ஒரு படி மேல். அவரை வளர்த்தவர் நீங்கள், ஆகவே குறை சொல்லவில்லை. அவர் வாய்விட்டு, "மாமா, இது வேலைக்காகாதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே மாற்றியிருப்பேன், மறுவாரமே பிள்ளைகள் ஊருக்கு வந்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. சீர் வைத்த பொருள் கண்ணெதிரே நொண்டுவதைப் பார்த்துக்கொண்டு, அதை அப்படியே வெள்ளகோவிலுக்கு அனுப்பி, உங்கள் வீட்டில் நாலு பேர் பார்க்க அந்தக் குதிரை ஒற்றைக் காலில் நிற்பதா? இதைச் சரிசெய்யாமல் அனுப்புவதில்லை என்று தீர்மானித்தேன். என் பெயர் போட்டு ஒரு பெட்டி வெளியே போனால் அதில் குறைப் பீஸ் இருக்கக்கூடாது.

மாப்பிள்ளை ஏதேதோ செட்டிங்குகளைக் குறைத்தார். முதலில் நிழல் போனது. பிறகு புல் போனது. பிறகு மரத்தில் இலை குறைந்தது, தண்ணீரில் பளபளப்பு போய் சாயத்தண்ணி மாதிரி ஆனது, மலையெல்லாம் அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டியதுபோல் ஆனது. பச்சைப்பசேல் என்று இருந்த காடு, கடைசியில் பார்த்தால், கோபித்துக்கொள்ளாதீர்கள், சித்திரை மாதத்தில் காய்ந்து கிடக்கும் உங்கள் ஊர் மேட்டாங்காடு போலவே இருந்தது. ஆனால் குதிரை நடந்தது! நடக்க நடக்க லேப்டாப் சூடானது, சூடாக ஆக மறுபடியும் நின்றது. மாப்பிள்ளை மடியில் வைத்திருந்த தலையணை உறையில் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல ஒரு பழுப்புக் கறை. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தேன். எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன். விஜயராணி ஈரத்துணி போடலாமா என்று கேட்டாள். மைதிலி ஓடிவந்து தடுத்துவிட்டாள்.

தௌபிக்கிடம் எடுத்துப் போனேன். திருகாணி கழற்றிப் பார்த்தவர் உள்ளேயிருந்து ஒரு சின்னக் கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார். மணந்தது. "காத்துப் போற வழியில சந்தனம் அடைச்சிருக்குதுங்கய்யா" என்றார் பெரிய மரியாதையோடு. சந்தனம் எடுத்தும் பெரிதாக மாற்றமில்லை. பிறகுதான் விளக்கினார். "உள்ளயே இருக்கறதுன்னா தனி எடம் கெடையாதுங்க. கம்ப்யூட்டரோட மெமரியிலதான் இதுவும் பங்கு வாங்கிக்கும். உங்க யூனிட்ல ஒரே டேபிள்லயே செக்கிங்கு, அயர்னிங்கு, பேக்கிங்கு மூணையும் போட்டு, ஒரே ஆளை உட்டா எப்படி இருக்கும்? அந்த மாதிரிங்க. தனி கார்டுன்னா அதுக்குன்னே தனி டேபிள், தனி ஆளு." எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் வாங்கியது பெரிய காம்பவுண்டு கம்பெனி இல்லை. ஒரே அறையில் குடும்பமே குடியிருந்துகொண்டு பிசிர் வெட்டுகிற வீட்டு வேலை. "இன்னொரு மெமரி போட்டா கொஞ்சம் தேவலாமுங்க. இல்லீன்னா குடுத்துட்டு அதை எடுத்துக்கோங்க, நான் மாத்தித் தர்றேன்" என்றார். மெமரியைப் போடச் சொன்னேன். மாற்றுவதற்கு மட்டும் மனசு வரவில்லை. என் யூனிட்டிலிருந்து போன சரக்கு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. சீர் திரும்பிப் போனது என்று ஊர் பேசினால் என்ன செய்வது?

அப்போதுதான் எனக்கு வேக்கம் டேபிள் ஞாபகம் வந்தது. எங்கள் யூனிட்டில் துணியை அயர்ன் செய்யும் மேசை அது. மேலே மெத்தை, மெத்தைக்கடியில் சல்லடை, காலால் பெடலை மிதித்தால் நீராவியையும் சூட்டையும் கீழே உறிஞ்சிக்கொள்ளும், துணி சில்லென்று நிற்கும். பனியன் சூட்டை உறிஞ்சுகிற மேசை கம்ப்யூட்டர் சூட்டை உறிஞ்சாதா? மாப்பிள்ளையை யூனிட்டுக்குக் கூட்டிப்போய், லேப்டாப்பை மேசைமேல் வைத்து, பெடலை மிதித்தேன். முன்னைவிடச் சீக்கிரமாகக் குதிரை நின்றது. மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, "மாமா, அதுவும் அடியில இருந்துதானுங்க காத்து இழுக்குது" என்றார். இரண்டும் ஒரே காற்றுக்குச் சண்டை போட்டிருக்கின்றன. விட்டேனா? காலியான நூல் கோன்களை நாலு மூலைக்கும் முட்டுக்கொடுத்து லேப்டாப்பைத் தூக்கி நிறுத்தினேன். கதவையெல்லாம் சாத்தி ஏர்கூலரை அந்தப் பக்கம் திருப்பினேன். பெடலை மிதித்தேன். சம்பந்தி, குதிரை ஓடியது! நடக்கவில்லை, ஓடியது! அயர்னிங் செய்யும் பிகார்ப் பையன்கள் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீராவியினால் இருக்கலாம்.

அன்றிலிருந்து வந்த வினைதான் எல்லாம். வேக்கம் டேபிளைத் தூக்கிக்கொண்டு வெள்ளகோவிலுக்கு வர முடியாது. ஆகவே மாப்பிள்ளை பகலில் எங்கள் வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் வேலையைக் கம்ப்யூட்டரில் முடித்துவிட்டு, சாயங்காலம் ஆனால் யூனிட்டுக்கு வந்துவிடுகிறார். அயர்ன் மாஸ்டரைப் பெடல் மிதிக்கச் சொன்னால் சரக்கு நிற்கும். அதனால் நானே மிதிக்கிறேன். சும்மா நின்று மிதிக்க முடியுமா, பார்த்துக்கொண்டு மிதிக்கிறேன். அந்தக் குதிரை எந்நேரமும் ஓடுகிறதே ஒழிய, தீனி தின்று நான் பார்த்ததில்லை. "மாப்ளைங்க, குதிரைக்குத் தண்ணி காட்டிட்டுப் போலாமுங்க" என்பேன். "இதுல அதெல்லாம் இல்லீங்க மாமா" என்பார். ஆனாலும் எனக்காக ஆற்றோரம் நிறுத்துவார். ஒருநாள் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து மெர்ச்சன்டைசர் சித்ரகலா மேடம் சரக்குப் பார்க்க வந்துவிட்டார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெடல் மிதிக்க, மேசைமேல் பனியனுக்குப் பதில் குதிரை. "சார், நம்ம பீஸ் எப்ப இந்த டேபிளுக்கு வரும்?" என்று கேட்டார். "அந்தப் பாலத்தைத் தாண்டினதும் எடுத்துடறனுங்க மேடம்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு வெட்கமாகி எழுந்துகொண்டார். பாலத்துக்கு இந்தப் பக்கமே குதிரை நின்றுபோயிற்று. அந்த மேடம் திரையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "லெஃப்ட்ல கீழ ஒரு வழி இருக்கு" என்று சொல்லிவிட்டு மாதிரிப் பீஸைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆகக்கூடி, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் மெஷினில் பெரிய கேம் ஓடுமா என்று உங்களை யாராவது கேட்டால், ஓடும் என்று தைரியமாகச் சொல்லுங்கள். காட்டில் இலை இருக்காது, நிழல் இருக்காது, கூடவே ஒரு வேக்கம் டேபிளும் பெடல் மிதிக்க ஒரு மாமனாரும் வேண்டும். அவ்வளவுதான். நடந்தது இதுதான் சம்பந்தி. பிள்ளைகள் இங்கே தங்கிப்போனதற்கு இதைத் தவிர வேறு காரணம் எதுவும் கிடையாது. உங்கள் மகனை உங்களிடமிருந்து பிரிக்கும் எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை. நீங்கள் பந்தியில் சொன்ன சொல் என்னைச் சுட்டுவிட்டது. அதனால் வறட்டுக் கௌரவத்தை விட்டுவிட்டேன். தௌபிக்கிடம் சொல்லித் தனி கார்டு உள்ள மெஷினாகவே மாற்றி, அது கைக்கு வந்த அன்றே, நல்ல நேரம் பார்த்து, பிள்ளைகளை உங்கள் வாசலில் கொண்டுவந்து விடுகிறேன். இது சத்தியம். அதுவரை பொறுத்தருளவும். போனை எடுக்கவும்.

சம்பந்தியம்மாவுக்கு விஜயராணியின் அன்பும், உங்கள் இருவருக்கும் பிள்ளைகளின் நமஸ்காரமும். செக்கு நிற்காமல் சுற்றட்டும், வீட்டில் சீக்கிரமே ஒரு குழந்தைச் சத்தம் கேட்கட்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் கோபம் தணியட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சம்பந்தி,
மகுடேஸ்வரன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை மைதிலி வாங்கிப் படித்துவிட்டு, "சரியா எழுதியிருக்கறீங்கப்பா, அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு டீ வைக்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதுகிறேன். புது மெஷினை எப்போதோ வாங்கியாயிற்று. தனி கார்டு உள்ளது என் ஆபீஸ் பீரோவில், லேபிள் கட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. பழைய மெஷினை நான் திருப்பித் தரவில்லை, இதையும் சேர்த்தே வாங்கிவிட்டேன். தௌபிக் ஓட்டிக் காட்டினார். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, ஒவ்வொரு இலையும் தெரிகிறது. அதைக் கொடுத்தால் பிள்ளைகள் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவார்கள். கல்யாணம் முடிந்து நீங்கள் எல்லோரும் வேன் ஏறிப் போனபிறகு, விஜயராணி பழக்கதோஷத்தில் மூன்று பேருக்கே அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். நான் யூனிட்டிலிருந்து வேண்டுமென்றே தாமதமாக வீட்டுக்குப் போவேன். இப்போது சாயங்காலமானால் மைதிலி டீ கொண்டுவந்து, நானும் அவரும் குதிரையை வைத்துப் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிறாள். எனக்கு அவள் இல்லாமல் முடியவில்லை சம்பந்தி. உங்களுக்கும் மகன் இல்லாமல் அப்படித்தான் இருக்கும் என்று தெரியும். அதனால் கோபப்படாமல் நீங்களும் சம்பந்தியம்மாவும் ஒரு வாரம் இங்கே வந்து இருங்கள். எனக்கு முழங்கால் வலிக்கிறது, மாற்றி மிதிக்க ஒரு ஆள் வேண்டும். மாட்டுப் பொங்கலுக்கு எல்லோருமாக வெள்ளகோவில் போய்விடலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று அவசரத்தில் சாவியைப் பீரோவிலேயே விட்டுவிட்டேன். ஒட்டும் டேப் எடுக்க ஆபீஸ் அறைக்குள் போன மாப்பிள்ளை வெளியே வரக் கொஞ்ச நேரமானது. வந்தவர் சாவியை என் சட்டைப் பையில் போட்டார். "மாப்ளைங்க, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அவர் லேப்டாப்பை நூல் கோன்மேல் சரியாக வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். "பரவால்லீங்க மாமா, இதே ஓடுதுங்க. நீங்க மிதிங்க" என்றார்.